படிவம் அனுப்பிய பின் ரீடைரக்ட்: எதிலிருந்து காக்கும், எதிலிருந்து காக்காது

போஸ்ட் கோரிக்கையில் (சர்வருக்குத் தரவை அனுப்பும் கோரிக்கை) வந்த படிவத்தைச் சேமித்துவிட்டு, அதற்கான பதிலிலேயே "சேமிக்கப்பட்டது" என்ற பக்கத்தையும் அனுப்பினால் என்ன ஆகும்? பயனர் ரீஃப்ரெஷ் செய்வார். படிவத்தை மீண்டும் அனுப்பவா என்று பிரவுசர் கேட்கும். அந்தக் கேள்வியின் பொருள் புரியாமலே அவர் சம்மதிப்பார், ஒரு ஆர்டர் இரண்டாகிவிடும். சேமித்த கையோடு ரீடைரக்ட் செய்து, அதாவது பிரவுசரை வேறு முகவரிக்குப் போகச் சொல்லி, முடிவைத் தனி கெட் கோரிக்கையில் (பக்கத்தை வாங்க மட்டும் செய்யும் கோரிக்கை) காட்டும் வழக்கம் இதைத் தடுக்கத்தான் வந்தது. நல்ல வழக்கம்தான், ஆனால் அது தீர்ப்பது ரீஃப்ரெஷ் சிக்கலை மட்டுமே. அதற்கு மேலும் அதை நம்பும்போதுதான் பெரிய தவறுகள் நடக்கின்றன.

அவற்றில் முதலாவது, "ரீடைரக்ட் போட்டாச்சு, இனி இரட்டைப் பதிவு வராது" என்ற நம்பிக்கை. வரும். பட்டனை இருமுறை தட்டினால், முதல் பதில் வந்து சேரும் முன்பே இரண்டாவது போஸ்ட் கிளம்பிவிடும். சர்வர் சேமித்துவிட்டது, பதில் மட்டும் வழியில் அறுந்துபோனது என்றால் பயனர் மறுபடி அனுப்பத்தான் செய்வார். அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. பட்டனை ஜாவாஸ்கிரிப்ட்டில் முடக்குவது உதவும், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. படிவத்தைக் காட்டும்போதே ஒரு தனி டோக்கனை (ஒவ்வொரு படிவத்துக்கும் வேறான அடையாளக் குறி) கண்ணுக்குத் தெரியாத ஹிடன் ஃபீல்டில் வையுங்கள். டேட்டாபேஸில் அந்த டோக்கன் இருமுறை பதிவாகாதபடி யூனிக் கட்டுப்பாடு போடுங்கள். அதே டோக்கன் மீண்டும் வந்தால் புதிதாக எதையும் சேமிக்காமல், முதல் பதிவின் பக்கத்துக்கே ரீடைரக்ட் செய்யுங்கள். "ஏற்கெனவே இருக்கிறதா" என்று கோடில் பார்த்துவிட்டுச் சேமிப்பது போதாது. ஒரே நொடியில் வரும் இரண்டு கோரிக்கைகளும் "இல்லை" என்றே காணும்.

அடுத்தது நிலைக் குறியீடு, அதாவது பதில் எப்படிப்பட்டது என்று பிரவுசருக்குச் சொல்லும் எண். ரீடைரக்ட்டுக்குப் பலரும் யோசிக்காமல் 302-ஐ அனுப்புகிறார்கள். பிஎச்பி, ஜாங்கோ, ரெயில்ஸ் மூன்றிலும் இயல்பாகக் கிடைப்பது அதுதான். ஆரம்பகால விதிப்படி 302 வந்தால் பிரவுசர் போஸ்ட்டை கெட்டாக மாற்றக் கூடாது. ஆனால் பிரவுசர்கள் மாற்றின, அதுவே நடைமுறையாக நிலைத்தது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1997-இல் வந்த எச்டிடிபி 1.1 (பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறை) விதிகளில் 303 சேர்ந்தது. "முடிவு வேறு முகவரியில் இருக்கிறது, கெட் செய்து வாங்கிக்கொள்" என்று அது ஐயமின்றிச் சொல்லும்.

சாதாரண படிவத்துக்கு 302, 303 இரண்டும் ஒன்றுபோலவே நடக்கும். வேறுபாடு ஜாவாஸ்கிரிப்ட்டின் ஃபெட்ச் வழியாக டெலீட் (நீக்கச் சொல்லும் கோரிக்கை) அனுப்பும்போது வெளிப்படும். 302 வந்தால் போஸ்ட் மட்டும்தான் கெட்டாக மாறும். டெலீட் டெலீட்டாகவே புதிய முகவரிக்குப் போகும். ஒரு கட்டுரையின் கீழுள்ள கருத்தை நீக்கிவிட்டு, கட்டுரைப் பக்கத்துக்கு 302 கொடுத்திருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த முகவரியும் டெலீட்டை ஏற்பதாக இருந்தால், கட்டுரையே போய்விடும். எனவே 303-ஐயே வழக்கமாக்கிக்கொள்வது நல்லது. 307, 308 இரண்டும் போஸ்ட்டை அதன் தரவோடு மீண்டும் அனுப்பச் சொல்பவை. இந்த வேலைக்கு அவை ஒத்துவராது.

படிவத்தில் பிழை இருந்தாலும் ரீடைரக்ட் செய்ய வேண்டுமா? இங்குதான் உண்மையிலேயே சீர்தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ரீடைரக்ட் செய்தால் பயனர் தட்டச்சு செய்ததெல்லாம் அந்தக் கோரிக்கையோடு போய்விடும். அதைக் காப்பாற்ற செஷனில் (ஒரு பயனருக்காகச் சர்வர் தற்காலிகமாக வைத்திருக்கும் தகவல்) வைத்தால் கடவுச்சொல்லும் கூடவே அங்கே போய் உட்காரலாம், இரண்டு டேப்களில் திறந்த படிவங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடலாம். என் கருத்தில், பிழை வந்தால் அதே பதிலில் 422 ("தரவை ஏற்க முடியவில்லை") குறியீட்டுடன் படிவத்தை நிரப்பியபடியே திருப்பிக் கொடுப்பதுதான் நியாயம். ரீஃப்ரெஷ் செய்தால் மீண்டும் அனுப்பவா என்று பிரவுசர் கேட்கும்தான், ஆனால் எதுவும் சேமிக்கப்படாததால் பாதிப்பு இல்லை. நீண்ட படிவத்தை ஒரு சின்னப் பிழைக்காக முதலிலிருந்து நிரப்பச் சொல்வது, அதை நிரப்பியவரின் நேரத்தை மதிக்காத செயல். இணைத்த கோப்பை மட்டும் எந்த வழியிலும் திரும்ப நிரப்ப முடியாது. அதை முன்பே தனியாகப் பதிவேற்ற வைக்கலாம்.

வெற்றிச் செய்தியை எங்கே வைப்பது என்பதும் சிக்கல்தான். செஷனில் ஒருமுறை மட்டும் காட்டும்படி வைத்தால், பின்னணியில் ஓடும் வேறொரு கோரிக்கை அதை எடுத்துத் தீர்த்துவிடலாம். முகவரியில் வைத்தால் ஒவ்வொரு ரீஃப்ரெஷுக்கும் "சேமிக்கப்பட்டது" என்று வந்துகொண்டே இருக்கும். போய்ச் சேரும் பக்கமே பதிவின் எண்ணையும் நிலையையும் காட்டினால், செய்தி தவறிப்போனாலும் பயனர் தவிக்க மாட்டார்.

அந்தப் பக்கம் ரெப்ளிகாவிலிருந்து (முதன்மை டேட்டாபேஸின் நகல்) படிப்பதாக இருந்தால் இன்னொரு கவனமும் வேண்டும். ரீடைரக்ட் வேகமாக வந்துவிடும், புதிய பதிவு ரெப்ளிகாவுக்கு இன்னும் வந்திருக்காது. இப்போதுதான் சேமித்தவருக்கு 404 ("பக்கம் இல்லை") காட்டுவோம். சேமித்த பிறகு சிறிது நேரம் அவருடைய கோரிக்கைகளை முதன்மை டேட்டாபேஸிலிருந்தே படியுங்கள்.

போக வேண்டிய முகவரியைப் பயனரின் கோரிக்கையிலிருந்தே எடுப்பவர்கள் அது உங்கள் தளத்துக்குள்தான் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். சாய்கோட்டில் தொடங்குகிறதா என்று மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். இரண்டு சாய்கோடுகளில் தொடங்கினால் பிரவுசர் வேறு தளத்துக்கே போய்விடும். பிஎச்பியில் லொகேஷன் ஹெடரை (போக வேண்டிய முகவரியைச் சொல்லும் வரி) அனுப்பிய பின் எக்ஸிட் எழுதாவிட்டால், கீழே உள்ள கோடு தொடர்ந்து ஓடும். அனுமதி இல்லாதவரை வெளியே அனுப்பிய பிறகும் அவர் கேட்ட வேலை நடந்து முடிந்திருக்கும்.

ரீடைரக்ட் ஒவ்வொன்றும் சர்வருக்கு இன்னொரு முறை போய்வரச் செய்கிறது, மெதுவான மொபைல் இணைப்பில் அது நன்றாகவே தெரியும். தேடல், வடிகட்டுதல் போன்ற எதையும் மாற்றாத படிவங்களை முதலிலேயே கெட்டாக அமைத்துவிட்டால் அங்கே ரீடைரக்ட்டுக்கே வேலை இல்லை, முகவரியையும் பிறருக்கு அனுப்ப முடியும்.