நடு உருளையை வெட்டுவதற்கு முன்: எக்ஸோஸ் மாற்றுவோர் செய்யும் தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பட்டறை வைத்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. சனிக்கிழமை மத்தியானம் ஆனால் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து இளைஞர்கள் மைவி, பழைய வீரா கார்களை ஓட்டிக்கொண்டு வருவார்கள். எக்ஸோஸை, அதாவது புகைக்குழாயை, மாற்றச் சொல்லிக் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, சத்தம் கொஞ்சம் கனமாக வர வேண்டும்." அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் இருந்தது, இன்னும் இருக்கிறது. ஆனால் இருபத்திரண்டு வயதில் நான் செய்த தவறுகளையே அவர்களும் ஒன்றுவிடாமல் செய்யும்போது மனம் பொறுக்கவில்லை. மலிவுக் குழாய் வாங்காதே, போல்ட்டை நன்றாக இறுக்கு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

குழாய் பெரிதானால் பலம் கூடும் என்று நம்புவது

1.3 லிட்டர் இயந்திரத்துக்கு இரண்டரை அங்குலக் குழாய் வேண்டாம். குழாய் அகலமானால் புகையின் வேகம் குறைகிறது; இயந்திரம் குறைந்த சுற்றில் ஓடும்போது இழுவை போய்விடும். தோட்டத்து மேட்டில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு இரண்டாம் கியரில் ஏறிப் பாருங்கள், தெரியும்.

நிறுத்தி வைத்த வண்டியில் சத்தம் கேட்டு முடிவெடுப்பது

என் கோபமெல்லாம் இதில்தான்.

இயந்திரத்துக்கும், பின்னால் சத்தத்தை அடக்கும் மஃப்ளருக்கும் இடையில், வண்டியின் வயிற்றுக்குக் கீழே ஒரு சிறிய உருளை இருக்கும். அதுதான் ரெசனேட்டர், மலாயில் தோங் தெங்ஙா என்பார்கள். "இது சும்மா இருக்கிறது, வெட்டிவிட்டால் சத்தம் திறக்கும்" என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். வண்டியைத் தூக்கி, உருளையை வெட்டி, அந்த இடத்தில் நேர்க்குழாயை வைத்துப் பற்றவைக்கிறார்கள். பட்டறை வாசலில் ஆக்சிலரேட்டரை அழுத்தி இயந்திரத்தை இரண்டு தடவை முறுக்கியதும் பையனின் முகம் மலர்கிறது. காசைக் கொடுத்துவிட்டுப் போகிறான். மறுநாள் அம்மாவை ஏற்றிக்கொண்டு பத்துமலைக்குப் புறப்படுகிறான். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் தொட்டதும் வண்டிக்குள் ஓர் உறுமல் தொடங்குகிறது. கோலாலம்பூர் வரை அது நிற்பதில்லை.

கணக்கு எளிது. நான்கு சிலிண்டர் இயந்திரத்தில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. நெடுஞ்சாலையில் நிமிடத்துக்கு 3000 சுற்று என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 50 சுற்று, 100 வெடிப்பு. அதாவது 100 ஹெர்ட்ஸ். சிறிய காரின் மூடிய அறைக்குள் அடைபட்ட காற்றும் ஏறத்தாழ அந்த எல்லையில்தான் சேர்ந்து அதிர்கிறது. வெளியே நிற்பவனுக்கு அது கம்பீரம். உள்ளே இருப்பவனுக்கோ, உறுமியைக் காதோரம் வைத்து இரண்டு மணி நேரம் விடாமல் தேய்ப்பது போல. பட்டறையில் முறுக்கும்போது இயந்திரம் அந்தச் சுற்றைக் கண நேரத்தில் தாண்டிவிடுகிறது, அதனால் காதில் படுவதில்லை. நெடுஞ்சாலையிலோ அதே சுற்றில்தான் மணிக்கணக்கில் நிற்கிறோம். தொழிற்சாலையில் நடு உருளையையும் பின் மஃப்ளரையும் சேர்த்துத்தான் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒன்றைப் பிடுங்கினால் மற்றது தனியாகச் சமாளிக்காது.

எனக்கு இது எப்படித் தெரியவந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது என்னிடம் வீரா 1.5 இருந்தது. உருளையை வெட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை. கோலாலம்பூரில் கண் அறுவை சிகிச்சை முடிந்து அப்பாவை அழைத்து வந்தேன். நாற்பது ஆண்டு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், எதற்கும் முகம் சுளிக்காதவர். தஞ்சோங் மாலிம் தாண்டியதும் ஜன்னல் கண்ணாடியை நாலு விரல் அளவுக்கு இறக்கினார். குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. "புழுக்கமா அப்பா?" என்றேன். "இல்லை, இப்படி இருந்தால் தலைக்குள் அடிக்கவில்லை" என்றார். கட்டுப்போட்ட கண்ணோடு, காற்று முகத்தில் அறைய, ஈப்போ வரை அப்படியே வந்தார்.

ஜன்னல் திறந்ததும் உள்ளே இருந்த காற்றின் அதிர்வு கலைந்துவிட்டது என்பது பிறகுதான் புரிந்தது. இன்றும் என் சோதனை அதுதான். உறுமல் வரும் வேகத்தில் ஒரு ஜன்னலை நாலு விரல் இறக்குங்கள். பட்டென்று குறைந்தால் அது இந்த நோயேதான். பின்னால் எத்தனை பெரிய மஃப்ளர் மாற்றினாலும் பயன் இருக்காது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். நான் மாற்றினேன், காசு போனது. பிறகு பழைய உருளையைத் தேடினேன். அது அன்றே பழைய இரும்புக்குப் போயிருந்தது. மறுபடி புதிது வாங்கினேன். ஆக மூன்று முறை கூலி.

வெட்டியாகிவிட்டது, பழையது கிடைக்கவில்லை என்றால் ஒரு வழி உண்டு. முதன்மைக் குழாயிலிருந்து, முனை அடைத்த ஒரு கிளைக்குழாயைப் பற்றவைக்க வேண்டும். ஒலி அதற்குள் போய், அடைத்த முனையில் முட்டித் திரும்பும்போது எதிர்மாறான அலையாக வந்து சேர்ந்து, அந்த ஒரு சுருதியை மட்டும் அடக்கும். 100 ஹெர்ட்ஸுக்குக் கிளையின் நீளம் சுமார் 1 மீட்டர். உள்ளே வாயுவின் சூட்டைப் பொறுத்து அது மாறும். அதனால் சற்று நீளமாக வைத்து, சாலையில் ஓட்டிப் பார்த்து, ஒரு விரல் ஒரு விரலாக அறுத்து வர வேண்டும். பொறுமை இல்லாதவர் கையில் கொடுக்காதீர்கள்.

எதுவானாலும், முதலில் புள்ளி புள்ளியாக மட்டும் பற்றவைக்கச் சொல்லுங்கள். பின் இருக்கையில் ஒருவரை உட்காரவைத்து 110-இல் பத்து நிமிடம் ஓட்டிய பிறகே முழுப் பற்றவைப்பு.

காட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றுவது

புகையின் நச்சைக் குறைப்பது அதுதான். கழற்றாதீர்கள்.

நண்பன் வண்டியின் சத்தம் நமக்கும் வரும் என்று எண்ணுவது

முதல் தலைமுறை மைவியில் 1.0 மூன்று சிலிண்டர், 1.3 நான்கு சிலிண்டர். முன்னதில் 240 பாகைக்கு ஒரு வெடிப்பு, பின்னதில் 180 பாகைக்கு ஒன்று. அதே 3000 சுற்றில் ஒன்று 75 ஹெர்ட்ஸ், மற்றது 100. தாளமே வேறு. ஒரே மஃப்ளரை வாங்கி மாட்டிவிட்டு என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள்.

புதிதில் கேட்ட சத்தம் நிலைக்கும் என்று நினைப்பது

நேர்வழி மஃப்ளருக்குள் துளையிட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு இருக்கும். சூட்டிலும் ஈரத்திலும் அது கரைந்து பறக்கும். சத்தம் நாளுக்கு நாள் தகரமாகும். மறுபடி பஞ்சு நிரப்பும்படி திறக்கக்கூடியதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

சட்டம்

சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. வாகன இரைச்சல் விதிமுறைகளும் அதே ஆண்டுதான். "எல்லோரும் போடுகிறார்கள்" என்ற பதில் சாலைத் தடுப்பில் எடுபடாது.

லயத்து வாசலில் விடியற்காலையில் ஸ்டார்ட் செய்வது

குளிர்ந்த இயந்திரம் முதல் ஒரு நிமிடம் வேகமாகச் சுழலும். சத்தம் அப்போதுதான் முரட்டுத்தனமாக வரும். செம்பனை ஆலையில் இரவு வேலை முடித்து வந்தவர் அடுத்த கதவுக்குள் அப்போதுதான் கண் அயர்ந்திருப்பார். ஸ்டார்ட் செய்ததும் முறுக்காமல் மெல்ல நகர்த்திப் பிரதான சாலைக்குக் கொண்டு போங்கள்.

கழற்றியதை விற்றுவிடுவது

போன மாதம் ஒரு தம்பி, நான் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் மாற்றிக்கொண்டான். வெட்டிய உருளையைச் சாக்கில் சுற்றி, வண்டி எண்ணைச் சுண்ணக்கட்டியால் எழுதி, நானே அவன் பின் இருக்கையில் வைத்து அனுப்பினேன். வண்டியை விற்றுப் பெயர் மாற்றும்போது சோதனைக்குப் போக வேண்டும். அப்போது அவனுக்கு அது தேவைப்படும். அதற்கு முன்பே தேவைப்பட்டாலும் பட்டறை திறந்திருக்கும்.