புத்தகக்கடை இல்லாத ஊரில் ஒரு வருடம் ஃபேண்டஸியும் அறிவியல் புனைகதையும் படிப்பது எப்படி

போன வருடம் நான் படித்தவற்றில் முக்கால்வாசி ஃபேண்டஸியும் அறிவியல் புனைகதையும்தான். நான் இருப்பது மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டப் பட்டணம். சுற்றிலும் செம்பனை, ஊருக்குள் மளிகைக்கடை, முடிவெட்டும் கடை, கைப்பேசிக் கடை எல்லாம் இருக்கின்றன, புத்தகக்கடை மட்டும் கிடையாது. இப்படி ஓர் ஊரில் இருந்துகொண்டு இந்த வகைக் கதைகளுக்குள் நுழைய நினைப்பவர்கள் எங்கே தொடங்கலாம், எப்படித் தொடரலாம் என்று எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

முதல் வேலை, 'கட்டாயம் படிக்க வேண்டிய நூறு' மாதிரியான பட்டியல்களை ஒதுக்கி வைப்பது. அவை மோசமான பட்டியல்கள் இல்லை, ஆனால் அவற்றைப் போட்டவர்கள் வேறு ஊரில் வேறு கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள். நீங்கள் உங்களுக்குத் தெரிந்த விஷயத்திலிருந்து தொடங்குங்கள். தோட்டத்து வீடுகளில் வளர்ந்த நமக்கு என்ன தெரியும்? கப்பலில் கூட்டிவரப்பட்டவர்களின் கதை தெரியும், காட்டை அழித்து ஒரே பயிரை நட்டால் என்ன ஆகும் என்று தெரியும், முதலாளி எங்கோ கடல் கடந்து இருக்க இங்கே கிராணியும் (கணக்கு எழுதும் குமாஸ்தா) கங்காணியும் வைத்ததே சட்டமாக இருந்தது தெரியும், கடைக்கணக்கில் கடன் ஏறுவது தெரியும், முனீஸ்வரர் ராத்திரியில் எந்தப் பாதையில் நடப்பார் என்பதுகூடத் தெரியும். இந்த வகையில் எழுதப்பட்ட நல்ல கதைகள் பல இதைப் பற்றித்தான் பேசுகின்றன.

நான் எல்லோருக்கும் முதலில் கொடுப்பது டெட் சியாங்கின் 'டவர் ஆஃப் பாபிலோன்' என்ற சிறுகதை. 1990இல் வந்தது, 'ஸ்டோரிஸ் ஆஃப் யுவர் லைஃப் அண்ட் அதர்ஸ்' தொகுப்பில் முதல் கதையாக இருக்கிறது. வானத்தைத் தொடும் கோபுரம் ஒன்றைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டுகிறார்கள், வானத்தின் கூரையைக் குடைய வெளியூரிலிருந்து சுரங்கத் தொழிலாளர்கள் வந்து சேர்கிறார்கள். ஆள் விழுந்தால் கோபுரம் கட்டுகிறவர்கள் அழமாட்டார்களாம், செங்கல் விழுந்தால் அழுவார்களாமே, உண்மையா என்று பேச்சு வருகிறது. செங்கலுக்கு இல்லை, கரண்டிக்குத்தான் என்று கேலியாகச் சொல்கிறார் கோபுரத்து ஆள். கொத்தனாரின் கரண்டி உச்சியிலிருந்து விழுந்துவிட்டால் இன்னொன்று கீழிருந்து வந்து சேர மாதக்கணக்கில் ஆகும், அதுவரை அவனுக்கு வேலை இல்லை, சாப்பாட்டுக்குக் கடன்தான். ஆள் விழுந்து கரண்டி மேலேயே தங்கிவிட்டாலோ, மற்றவர்களுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி, ஏனென்றால் அடுத்த முறை கரண்டியைத் தவறவிடுகிறவன் அதை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடரலாம். ரப்பர் பால்வெட்டுக் கத்தியை இன்னொருவர் தொட விடாத பாட்டியோடு வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்துக்கு விளக்கவுரை தேவைப்படாது. வானத்துக் கூரை, கோபுரம் எல்லாம் இருக்கட்டும், கதை நிற்பது அந்தக் கரண்டியில்தான் என்று நான் நினைக்கிறேன்.

அது பிடித்துவிட்டால் அடுத்தது அர்சுலா லெ குவினின் 'தி வேர்ட் ஃபார் வேர்ல்ட் இஸ் ஃபாரஸ்ட்'. 1972இல் எழுதியது, குறுநாவல், ஒரு வாரக்கடைசியில் முடித்துவிடலாம். பூமியில் மரம் தீர்ந்துபோய் முழுக்கக் காடான ஒரு கோளுக்கு மரம் வெட்டப் போகிறார்கள், அங்கே உள்ளவர்களைப் பிடித்து வேலை வாங்கிவிட்டு, அவர்கள் விருப்பப்பட்டு வேலை செய்வதாகக் கணக்கில் எழுதுகிறார்கள். படித்துவிட்டு ஊருக்கு வெளியே வரிசை வரிசையாக நிற்கும் செம்பனையைப் பார்க்கும்போது எனக்கு வேறு மாதிரி இருந்தது.

இந்த இரண்டுக்கும் பிறகுதான் பெரிய புத்தகம். ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' (1965) பாலைவனத்தைப் பற்றியது என்று சொல்வார்கள், எனக்கு அது தோட்டத்தைப் பற்றியது. ஒரே ஒரு விளைபொருள், வேறெங்கும் கிடைக்காது, அதை வைத்து மொத்தப் பேரரசும் ஓடுகிறது, அது கிடைக்கும் மண்ணில் இருப்பவர்களுக்கோ குடிக்கத் தண்ணீர் இல்லை. எங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் இந்த நாட்டில் முதன்முதலாக வணிகத்துக்கென்று செம்பனை நட்டார்கள். அதன் பிறகு நடந்ததையெல்லாம் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்கள் 'டியூன்' படிக்கும்போது பாதி வேலை முடிந்த மாதிரி.

சரி, மீதிப் பாதி வேலை என்ன? முதல் ஐம்பது பக்கம். இந்த வகைப் புத்தகங்களைக் கீழே வைப்பவர்கள் பெரும்பாலும் அங்கேதான் வைக்கிறார்கள், ஏனென்றால் தெரியாத பெயர்கள், தெரியாத பட்டங்கள், தெரியாத சண்டைகள் எல்லாம் விளக்கம் இல்லாமல் வந்து விழும். 'டியூன்' புத்தகத்தின் கடைசியில் சொற்பட்டியல் இருக்கிறது. தயவுசெய்து அதை முதலில் புரட்டாதீர்கள். புரியாததைப் புரியாததாகவே விட்டுவிட்டு மேலே போங்கள். வேதாளம் கதை கேட்ட காலத்தில், முருங்கை மரத்தில் தொங்கும் பிணம் எப்படிப் பேசும் என்று யாரும் பாட்டியை நிறுத்திக் கேட்கவில்லை, பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கேட்டோம். அதே பழக்கம் இங்கேயும் போதும். அந்த உலகத்தில் எதைச் செய்யக்கூடாது என்பதை மட்டும் கண்டுபிடியுங்கள், கதை திறந்துவிடும்.

பெயர்கள் குழம்பினால் ஒரு துண்டுத்தாளில் ஆளின் பெயரும் அவர் யாருக்கு என்ன உறவு என்பதும் மட்டும் எழுதி, புத்தகத்துக்குள்ளேயே அடையாளத்துக்கு வையுங்கள். குணத்தையெல்லாம் எழுத வேண்டாம், அது மாறும்.

ஆங்கிலம் சிரமமாக இருப்பவர்கள் லெ குவினின் 'எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ' (1968) எடுக்கலாம். எளிமையான, நிதானமான நடை. ஆடு மேய்க்கும் பையன் ஒருவன் சூனியம் தெரிந்த தன் பெரியம்மாவோ சின்னம்மாவோ சொன்ன மந்திரத்தை அர்த்தம் தெரியாமல் மலையில் போய்ச் சொல்கிறான், ஆடுகள் எல்லாம் வந்து அவனை நெருக்கி நிற்கின்றன, விலகவே மாட்டேன் என்கின்றன. முதல் சில பக்கங்களிலேயே வரும் இந்தக் காட்சியில் மொத்த நாவலும் அடங்கியிருக்கிறது.

தமிழில் தொடங்க விரும்புகிறவர்களுக்கு சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' இப்போதும் நல்ல வாசல். பிள்ளை பெறுவதற்கு அரசாங்க அனுமதி, பெயருக்கு இரண்டே எழுத்து, இதற்கு நடுவே எல்லோரையும்விடத் தெளிவாக யோசிக்கும் ஜீனோ என்ற இயந்திர நாய். அதன் வேகத்துக்காக மட்டும் படிக்காதீர்கள், மக்கள் எதையெல்லாம் சத்தமில்லாமல் ஒத்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். ஜெயமோகனின் 'விசும்பு' அறிவியல் சிறுகதைத் தொகுப்பு, அதையும் சேர்த்துக்கொள்ளலாம். அவருடைய 'விஷ்ணுபுரம்' நாவலைப் (1997) படிக்க ஆசை இருந்தால் வருடக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், மழைக்காலத்தில் அதற்கு நேரம் கிடைக்கும், அவசரமாகப் படிக்கிற புத்தகம் இல்லை அது.

புத்தகம் எங்கே வாங்குவது? பழைய ஆங்கிலக் கதைகளில் பல, எச்.ஜி. வெல்ஸின் 'தி டைம் மெஷின்' (1895) உட்பட, காப்புரிமை தீர்ந்து ப்ராஜெக்ட் குட்டன்பெர்க் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தேசிய நூலகத்தின் யு-புஸ்தாகா இணைய நூலகத்தில் மின்னூல் இரவல் வாங்கலாம். காகிதம்தான் வேண்டும் என்றால் பிக் பேட் வூல்ஃப் மலிவு விற்பனை நடக்கும்போது இரண்டு மூன்று பேர் பெட்ரோல் காசைப் பங்கு போட்டு ஒரே காரில் போய்வாருங்கள், வாங்கியதை ஊருக்குள் மாற்றி மாற்றிப் படிக்கலாம். தமிழ்ப் புத்தகத்துக்குக் கோலாலம்பூர் போகும் சொந்தக்காரர்கள் யாராவது இருப்பார்கள், பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

நேரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தொழிற்சாலை பஸ்ஸில் சிறுகதை, வீட்டில் நாவல், அவ்வளவுதான்.

நடுவில் ஒன்றை மட்டும் கூட்டாகப் படியுங்கள். என் யோசனை, மலேசிய எழுத்தாளர் ஸென் சோவின் 'பிளாக் வாட்டர் சிஸ்டர்' (2021). பினாங்கில் நடக்கிறது. செத்துப்போன பாட்டி பேத்தியின் தலைக்குள் வந்து பேசுகிறாள், வீட்டுமனைக்காக ஒரு சின்னக் கோயிலை இடிக்கப் பார்க்கும் முதலாளியைத் தடுக்கச் சொல்கிறாள். தோட்டத்தை விற்றபோது கோயிலை எங்கே நகர்த்துவது என்று கூட்டம் போட்டுப் பேசிய ஊர்களில் இந்தக் கதைக்கு வாசகர்களைத் தேட வேண்டியதில்லை. ஆங்கிலம் படிக்காத அம்மாவுக்கோ அத்தைக்கோ ராத்திரி ராத்திரி கதையாகச் சொல்லிப் பாருங்கள். அந்தக் கோயில் சாமி ஏன் அந்தப் பெண்ணைப் பிடித்தது, சாமிக்கு என்ன கோபம் என்று அவர்கள் கேட்கும் கேள்விகளில் சிலவற்றுக்கு நீங்கள் புத்தகத்துக்குத் திரும்பிப் போய்த்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.