பிஎச்பில ரெண்டு லிஸ்டைச் சேர்த்து கீ-வேல்யூ அரே ஆக்குறது எப்படி

ஒரு லிஸ்ட்ல ரோல் நம்பர், இன்னொண்ணுல மார்க், ரெண்டையும் ஜோடி சேர்த்து ஒரே அரேவா வேணும்னா நிறைய பேர் உடனே ஃபார் லூப் போட ஆரம்பிச்சிடுவாங்க. தேவையே இல்லங்க. அரே_கம்பைன்($ரோல், $மார்க்) (array_combine) அவ்ளோதான், முதல்ல கீ (தேடி எடுக்க உதவுற பேர், இங்க ரோல் நம்பர்), அடுத்து வேல்யூ (அதுக்குள்ள இருக்குற மதிப்பு, இங்க மார்க்), பிஎச்பி 5 காலத்துலேர்ந்தே இருக்கு.

ரெண்டு லிஸ்ட்லயும் எண்ணிக்கை ஒண்ணா இருக்கணும். பிஎச்பி 7 வரைக்கும் ஒரு வார்னிங் விட்டுட்டு ஃபால்ஸ் குடுக்கும், 8-லேர்ந்து வேல்யூஎரர் வீசி அங்கயே நிப்பாட்டிடும், அதுதான் நல்லது, இல்லன்னா அந்த ஃபால்ஸ் எங்கயோ போய் வேற எரரா வெடிக்கும்.

சிஎஸ்வி ஃபைலுக்கு (ஒவ்வொரு வரியிலயும் கமா போட்டுப் பிரிச்ச டேட்டா) இது செம யூஸ். முதல் வரிய ஹெட்டரா எடுத்து வச்சுக்கிட்டு மத்த ஒவ்வொரு வரியையும் எஃப்கெட்சிஎஸ்வில (fgetcsv) படிச்சு ஹெட்டரோட கம்பைன் பண்ணுங்க. நடுவுல காலி வரி இருந்தா ஒரே ஒரு நல் (null, அதாவது வெறும் மதிப்பு) இருக்குற அரே வரும், அதை முதல்லயே தாண்டி விட்ருங்க. எக்ஸல்ல யூடிஎஃப்-8 சிஎஸ்வியா சேவ் பண்ண ஃபைல்னா ஆரம்பத்துல பாம் (BOM)னு ஒரு 3 பைட் அடையாளம் கண்ணுக்கே தெரியாம ஒட்டிக்கிட்டு இருக்கும், பிரிண்ட் பண்ணா எல்லா கீயும் சரியா தெரியும் ஆனா முதல் காலம் (column) மட்டும் அன்டிஃபைன்டுன்னு, அதாவது அப்படி ஒரு கீயே இல்லன்னு சொல்லும், மண்டைய பிச்சுக்க வேண்டியதுதான். படிக்கிறதுக்கு முன்னாடி அந்த 3 பைட்டை வெட்டிருங்க.

இப்ப கீ பத்தி, இங்கதான் நிறைய பேர் மாட்டுறாங்க. "101"னு ஸ்ட்ரிங்கா குடுத்தாலும் பிஎச்பி அதை 101-னு இன்டிஜரா மாத்திடும், ஆனா "007" ஸ்ட்ரிங்காவே இருக்கும். அதனால என்னன்னா, ஏ செக்‌ஷன் அரேவையும் பி செக்‌ஷன் அரேவையும் அரே_மெர்ஜ்ல சேர்த்தீங்கன்னா 101, 102 எல்லாம் போய் 0, 1, 2-ன்னு புதுசா நம்பர் போட்டுடும், ரோல் நம்பரே காணாம போயிடும். அந்த இடத்துல பிளஸ் போடுங்க, கீ அப்படியே இருக்கும், ஒரே கீ ரெண்டுலயும் இருந்தா இடது பக்கத்து வேல்யூ நிக்கும்.

கம்பைன்ல ஒரே கீ ரெண்டு தடவ வந்தா கடைசியா வந்தது ஜெயிக்கும், வார்னிங்கும் கிடையாது சத்தமும் கிடையாது. கம்பைன் பண்ணதுக்கப்புறம் கவுன்ட் குறைஞ்சிருக்கான்னு ஒரு இஃப் போட்டுக்குங்க.

டேட்டாபேஸ்லேர்ந்து ரோ ரோவா வந்திருந்தா கம்பைனே வேணாம், அரே_காலம்($ரோஸ், 'மார்க்', 'ரோல்') (array_column) போதும், மூணாவதா குடுக்குறது கீ ஆயிடும், பிஎச்பி 5.5-லேர்ந்து இருக்கு. ரெண்டாவது இடத்துல நல் குடுத்தா முழு ரோவும் அந்த கீக்கு கீழ வந்து உக்காரும், எனக்கு இதுதான் தினமும் கை குடுக்குது.

எல்லாருக்கும் 0-ன்னு ஆரம்பிக்கணும்னா அரே_ஃபில்_கீஸ். லிஸ்ட்ல ஒண்ணு இருக்கா இல்லயான்னு லூப்புக்குள்ள திரும்பத் திரும்ப பாக்கணும்னா இன்_அரே வேணாம், ஒவ்வொரு தடவயும் முதல்லேர்ந்து தேடும். ஒரே தடவ அரே_ஃபிளிப் பண்ணி (வேல்யூவெல்லாம் கீயா மாறிடும்) வச்சுட்டு அந்த கீ இருக்கான்னு இஸ்செட்ல பாருங்க, பெரிய லிஸ்ட்னா வித்தியாசம் நல்லாவே தெரியும்.