கத்தரி இலையில் இருப்பது புள்ளி வண்டா, பொறிவண்டா? பார்த்துப் பிரிக்கும் முறை

கத்தரி இலையைச் சுரண்டித் தின்னும் எபிலாக்னா என்கிற புள்ளி வண்டும், செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்று செடியைக் காக்கும் பொறிவண்டும் ஒரே குடும்பம். இரண்டுக்குமே பட்டாணியைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த வடிவம். ஆள் தெரியாமல் மருந்தடித்தால் பொறிவண்டும் சேர்ந்து சாகும், அசுவினி பெருகும்.

10 மடங்கு லென்ஸ், மூடியுள்ள கண்ணாடிக் குப்பி, மில்லிமீட்டர் அளவுகோல் போதும். தொட்டால் வண்டு பொத்தென்று கீழே விழுந்துவிடும். அதனால் குப்பியை இலைக்கு அடியில் பிடித்துக்கொண்டு இலையைத் தட்டுங்கள். கால் மூட்டில் மஞ்சள் நீர் கசிந்தால் அடிபட்டதாக நினைக்க வேண்டாம், அது தற்காப்பு. ஓடிக்கொண்டே இருந்தால் குப்பியோடு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். உறைபெட்டியில் வைத்தால் செத்துவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது முதுகின் பளபளப்பு. எங்களைக் கேட்டால், இதைவிட நம்பகமான அடையாளம் கிடையாது. வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்து லென்ஸில் பாருங்கள். எபிலாக்னாவின் முதுகெங்கும் குட்டைக் குட்டையான மென்முடி இருக்கும். அதனால் மங்கித் தெரியும். பொறிவண்டின் முதுகு மொழுமொழுவென்று எண்ணெய் தடவியதுபோல் மின்னும். பனியில் நனைந்திருந்தால் எல்லாமே மின்னும், உலரவிட்டுப் பாருங்கள்.

பலரும் ஏமாறுவது புள்ளியை எண்ணித்தான். எபிலாக்னாவின் அறிவியல் பெயரான ஹெனோசெபிலாக்னா விஜின்டியாக்டோபங்டேட்டா என்பதிலேயே 28 புள்ளி இருக்கிறது. ஆனால் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்தும் குறைந்தும் வரும். கூட்டுப்புழுவிலிருந்து அப்போதுதான் வெளிவந்த வண்டு புள்ளியே இல்லாமல் வெளிர்மஞ்சளாக இருக்கும். நிறம் ஏறச் சில மணி நேரம் ஆகும். கைலோமினஸ் செக்ஸ்மாகுலேட்டா என்ற பொறிவண்டின் பெயரில் ஆறு புள்ளி உண்டு, முதுகிலோ கறுப்பு நெளிகோடுகள்தான் எடுப்பாகத் தெரியும். காக்சினெல்லா டிரான்ஸ்வெர்சாலிஸ் என்ற இன்னொரு பொறிவண்டு ஆரஞ்சுச் சிவப்பு. இறகுகள் சேரும் நடுக்கோடு கறுப்பாக இருக்கும்.

உணர்கொம்பு நீளமாக, நூல்போல் இருந்தால் இரண்டுமே இல்லை, அது இலைவண்டு. பூசணிக் கொடியில் வரும் சிவப்பு வண்டு அந்த இனம்.

புழுப் பருவத்தில் குழப்பமே இல்லை. எபிலாக்னாவின் புழு மஞ்சள் நிறம், உடலெங்கும் கிளைவிட்ட முட்கள். பொறிவண்டின் புழு கருநிறத்தில், நீண்ட கால்களோடு குட்டி முதலைபோல் ஓடும். முட்டையை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். இரண்டுமே இலையடியில் மஞ்சளாக, செங்குத்தாக நின்று, கொத்தாக இருக்கும்.

இன்னும் சந்தேகமா? காற்றுத்துளையிட்ட டப்பாவில் சேதமில்லாத கத்தரி இலை ஒன்றும், அசுவினி மொய்த்த தட்டைப்பயறு நுனி ஒன்றும் போட்டு வண்டை ஓர் இரவு விடுங்கள். காலையில் கத்தரி இலையில் நரம்பை விட்டுப் பச்சையைச் சுரண்டிய, சல்லடை போன்ற தடம் இருந்தால் அது எபிலாக்னா. இலை அப்படியே இருந்து அசுவினி குறைந்திருந்தால், வண்டைப் பிடித்த செடியிலேயே திரும்ப விட்டுவிடுங்கள்.