வரவு ஜீபேயில், கூலி ரொக்கத்தில்: பலகாரத் தொழில் தொடங்குபவர்களுக்கு

காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் எங்கள் வீட்டின் பின்கட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறேன். தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை, கைமுறுக்கு, அதிரசம். முகூர்த்த மாதங்களில் கல்யாணச் சீர்ப் பலகாரம். புதிதாகத் தொழில் தொடங்கும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது மாவுப் பக்குவம் இல்லை. "அக்கா, இப்ப எல்லாரும் ஜீபேதானே, கல்லாப்பெட்டின்னு ஒண்ணு வேணுமா?" என்பதுதான்.

வேண்டும். முன்பைவிட இப்போதுதான் அதில் அதிகக் கவனம் வேண்டும். முன்பெல்லாம் காலையில் விற்ற காசு சாயங்காலம் கூலியாகப் போகும். இப்போது வாங்குபவர்கள் போனில் போட்டுவிட்டுப் போகிறார்கள், கைமுறுக்கு சுற்றும் ஆத்தாக்களோ நோட்டாகத்தான் கேட்கிறார்கள். கணக்கில் பணம் இருக்கும், கல்லாவில் நூறு ரூபாய் இருக்காது. ரொக்கம் ஒழிந்துவிட்டதா என்று பேசுகிறவர்கள் விற்கும் பக்கத்தை மட்டும் பார்க்கிறார்கள், கூலி கொடுக்கும் பக்கத்தைப் பார்ப்பதில்லை.

அதனால் ஸ்கேனர் அட்டை வாங்கும் முன் ஒரு தாளை எடுத்து, நீங்கள் யார் யாருக்குக் காசு கொடுக்கிறீர்கள் என்று எழுதுங்கள். என் தாளில் எண்ணெய்க் கடை, அரிசிக் கடை, மாவு மில், கேஸ் ஆகியவை போன் பக்கம். முறுக்கு சுற்றுபவர்கள், பாத்திரம் கழுவ வருபவர், விறகு, ஓலைக்கொட்டான் பின்னித் தரும் அம்மா, மதுரைக்கும் திருச்சிக்கும் தகர டின்னை ஏற்றிவிடும்போது பஸ்ஸில் கொடுக்கும் காசு, இவை எல்லாம் ரொக்கம். இரண்டாவது பக்கத்தின் ஒரு வாரக் கூட்டுத்தொகை எவ்வளவோ அதுதான் உங்கள் கல்லாவில் எப்போதும் இருக்க வேண்டிய பணம். அதற்கு மேல் வீட்டில் வைக்காதீர்கள்.

வாங்கும் ஏற்பாடு

வீட்டுச் செலவுக் கணக்கோடு தொழிலைக் கலக்காதீர்கள். பலகார வரவுக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு இருக்கட்டும். மோசடிப் பணம் கைமாறி வரும் வழியில் உங்கள் கணக்கும் ஒரு படியாக இருந்தால், நீங்கள் ஒரு தப்பும் செய்யாவிட்டாலும் போலீஸ் சொல்லி வங்கி கணக்கை நிறுத்தி வைக்கும். அதில் வீட்டுப் பணமும் மாட்டிக்கொண்டால் பால்காரருக்குக்கூடக் கொடுக்க முடியாது. பில் புத்தகத்தின் நகலைப் பத்திரமாக வைத்திருந்தால், இன்ன பலகாரத்துக்கு வந்த பணம் என்று காட்டலாம்.

யூபிஐயில் வாங்குவதற்குக் கடைக்காரரிடம் கட்டணம் பிடிப்பதில்லை. 2020 ஜனவரியிலிருந்து அப்படித்தான். பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் சவுண்ட் பாக்ஸுக்குத்தான் மாத வாடகை கேட்பார்கள். கை முழுக்க மாவும் எண்ணெயுமாக நிற்கும் நமக்கு அந்த வாடகை தகும். அது பேசாவிட்டால் பணம் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் நீட்டும் திரையில் பச்சை டிக் தெரிந்தாலும் சரி, ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினாலும் சரி, அது ரசீது ஆகாது. அதே மாதிரி எழுதிக் காட்டும் போலி ஆப்கள் இருக்கின்றன.

வாசலில் ஒட்டிய ஸ்கேனர் அட்டையைக் காலையில் கடை திறந்ததும் உங்கள் போனிலேயே ஸ்கேன் செய்து, உங்கள் பெயர் வருகிறதா என்று பாருங்கள். மேலே வேறு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அப்புறம், போனில் போடும் ரகசிய பின் நம்பர் பணம் கொடுக்கத்தான், வாங்க எந்தக் காலத்திலும் தேவையில்லை. "ஆர்டர் பணம் அனுப்புறேன், பின் போடுங்க" என்று யார் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள். பணம் போயே விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடியுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் மறிக்க முடியும்.

கார்டு தேய்க்கும் மெஷின் நமக்கு வேண்டாம். கானாடுகாத்தான் பக்கம் பங்களா பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள் சிலர் கார்டை நீட்டுவார்கள். அவர்கள் ஒரு பாக்கெட் தேன்குழல் வாங்குவதற்காகக் கட்டணம் கட்டி மெஷின் வைக்க முடியாது. அவர்களிடம் ரொக்கமும் இருக்கும்.

கல்யாண ஆர்டர்

நிஜமான குழப்பம் இங்கேதான். இந்தச் சீமையில் ஆர்டர் சொல்பவர் ஒருவர், பணம் போடுபவர் இன்னொருவர். ஒரு நாள் மாலை தேவகோட்டை ஆச்சி ஒருவர் போனில் கேட்டார்: "ஏத்தா, அட்வான்ஸ் வந்துருச்சா? மகன் சிங்கப்பூர்ல இருந்து சொன்னான், அவன் மச்சினன் போட்டுட்டானாம்." என் கணக்கில் அன்று வந்திருந்த தொகைகளில் ஆச்சி பெயரும் இல்லை, மகன் பெயரும் இல்லை. ஒரே தொகை இரண்டு பேரிடமிருந்து வந்திருந்தது, இரண்டுமே நான் கேள்விப்படாத பெயர். "ஆச்சி, மச்சினன் பேரைச் சொல்லுங்க" என்றேன். ஆச்சிக்கு வீட்டில் கூப்பிடும் பெயர்தான் தெரியும், வங்கிக் கணக்கில் இருக்கும் பெயர் தெரியாது. கடைசியில் பணம் போட்டவரின் போனில் இருந்த பரிவர்த்தனை எண்ணைக் கேட்டு வாங்கித்தான் தீர்ந்தது.

அன்றிலிருந்து ஆர்டர் நோட்டில் நான்கு கட்டம் வைத்திருக்கிறேன்: யாருக்குப் பலகாரம், யார் சொன்னது, யார் கணக்கிலிருந்து பணம், பரிவர்த்தனை எண்ணின் கடைசி நான்கு இலக்கம். முன்பணம் வந்த உடனே "இன்ன தேதிக் கல்யாணத்துக்கு இவ்வளவு பெற்றுக்கொண்டேன், பாக்கி இவ்வளவு" என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுகிறேன். ஆச்சிமார்கள் அதைப் படிக்கிறார்களோ இல்லையோ, அவர்கள் பேரப்பிள்ளைகள் படிக்கிறார்கள்.

பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த நகரத்தார்கள் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்), இன்னாருக்கு இவ்வளவு கொடு என்று உண்டியல் சீட்டு எழுதியே ஊர்விட்டு ஊர் பணம் மாற்றினார்கள். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10ஆம் தேதி சென்னையிலும் ரங்கூனிலும் தொடங்கியபோது காரைக்குடியிலும் தொடங்கியது. காசைக் கையில் தொடாமல் அனுப்புவது இவர்களுக்குப் புதிதா என்ன? அன்றைக்கு அனுப்பியவர் பெயரும் பெறுபவர் பெயரும் பேரேட்டில் ஏறியது. இன்றைக்கு நாமே ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பெரிய ஆர்டரில் பாக்கியை ரொக்கமாகக் கொண்டுவருபவர்களும் உண்டு. வாங்கலாம், ஒரு எல்லை வரை. ஒரே ஆளிடம் ஒரு நாளிலோ ஒரே நிகழ்ச்சிக்கோ 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரல் முதல் தடை செய்திருக்கிறது. மீறினால் அபராதம் வாங்கியவருக்குத்தான். பிரித்துப் பிரித்துக் கொடுத்தாலும் ஒரே கல்யாணம் என்றால் ஒரே கணக்கு.

சில்லறை

ஏடிஎம்மில் எடுத்தால் கையில் வருவது பெரும்பாலும் 500 ரூபாய்த் தாள். வாரக்கூலி கொடுக்கும்போது அதை உடைக்க ஆள் கிடைக்காது. அதனால் சில்லறையைச் சம்பாதிக்க வேண்டும். ரொக்கம் தருகிற வாடிக்கையாளருக்கு முகம் சுளிக்காதீர்கள். சின்னத் தாள் தருகிறவர்கள் அவர்கள்தான். பஸ் கண்டக்டர், டீக்கடை, கோயில் வாசல் பூக்காரம்மா, இவர்களிடம் மாலையில் சில்லறை தேங்கும். பெரிய தாளாக மாற்றிக் கொடுத்தால் அவர்களுக்கும் நிம்மதி. ஒரு பொட்டலம் சீடை கூடவே போகட்டும்.

10 ரூபாய் நாணயத்தை வேண்டாம் என்று தள்ளுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புழக்கத்தில் இருந்த 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018லேயே சொல்லிவிட்டது. நான் தயங்காமல் வாங்குகிறேன், ஆனால் கூலியில் மட்டும் சேர்ப்பதில்லை. ஆத்தா அதைக் கடையில் கொடுத்து வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஏடிஎம்முக்கு வாரம் ஒரு நடை போதும். சொந்த வங்கி ஏடிஎம்மில் மாதம் 5 முறை இலவசம், அதற்கு மேல் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரை பிடிக்கலாம். உங்கள் சொந்தச் சின்னச் செலவுக்கு யூபிஐ லைட் வைத்துக்கொள்ளுங்கள். 5,000 ரூபாய் வரை போட்டு வைக்கலாம், ஒரு தடவைக்கு 1,000 வரை பின் இல்லாமல் போகும், பாஸ்புக்கில் டீயும் தக்காளியும் வரிசை கட்டி நிற்காது.

கூலியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போனில் போடுகிறேன் என்று வற்புறுத்தாதீர்கள். என்னிடம் முறுக்கு சுற்றும் ஒரு ஆத்தாவுக்கு வங்கிக் கணக்கு உண்டு. போன் மகன் கையில் இருக்கிறது. பணம் எங்கே போகும் என்று ஆத்தாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

திருவிழாக் கூட்டம்

பிள்ளையார்பட்டியில் சதுர்த்திக்கு, குன்றக்குடியில் பங்குனி உத்திரத்துக்கு என்று கடை போடுவதாக இருந்தால், அன்று போனை நம்பாதீர்கள். கூட்டம் சேரச் சேர நெட் சுற்றிக்கொண்டே நிற்கும். பாக்கெட்டுகளை 50, 100 என்று முழு விலையில் கட்டிக்கொண்டு போங்கள். மீதிச் சில்லறை கொடுக்கும் வேலையே குறைந்துவிடும். ஸ்கேனர் அட்டையை உள்ளே வைத்துவிட்டு, நெட் இருக்கும்போது மட்டும் வெளியே எடுங்கள்.

வரிப் பயம்

2025 ஜூலையில் பெங்களூரில் சின்னக் கடைக்காரர்கள் பலருக்கு யூபிஐ வரவை வைத்து ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது. உடனே "யூபிஐ இல்லை" என்று அட்டை தொங்கவிட்டார்கள். இங்கேயும் சிலர் அதைச் சொல்லி என்னைப் பயமுறுத்தினார்கள். பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அதில் ரொக்கமும் சேர்த்தி, ஆகவே போனை மறைத்துப் பயனில்லை. இன்னொரு பக்கம், விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று உத்தேசமாகக் காட்டும் வருமான வரி முறையில் ரொக்க விற்பனைக்கு 8 சதவீதம், வங்கி வழி வந்ததற்கு 6 சதவீதம் என்று வைத்திருக்கிறார்கள். போனில் வாங்குவது அங்கே லாபம்தான்.

ஆடியில் கல்யாணம் கிடையாது, அடுப்பும் பாதி நாள் அணைந்தே இருக்கும். ஆர்டர் நோட்டையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்க அதுதான் மாதம். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் காலமும் ஏறக்குறைய அதை ஒட்டியே வருகிறது. முறுக்குக்காரர்களுக்குக் கொடுத்த கூலிக்கு ரசீது இருக்காது. தேதி, பெயர், தொகை போட்டு, அவர்களிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாரா வாரம் வாங்கி வைத்திருந்தால், ஆடிட்டர் கேட்கும்போது அந்த நோட்டை நீட்டினால் போதும்.