ஹிக்கரி மட்டையில் கோல்ஃப்: புதிதாகத் தொடங்குபவருக்கு

1930இல் பாபி ஜோன்ஸ் ஒரே ஆண்டில் நான்கு பெரிய பட்டங்களை வென்றார். அப்போது அவர் ஆடியது ஹிக்கரி மரத்தண்டு பொருத்திய மட்டைகளால். எஃகுத் தண்டுக்கு, கோல்ஃப் விதிகளை வகுத்துவந்த ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிளப் அனுமதி தந்தது அதற்கு முந்தைய ஆண்டுதான். பந்து மட்டையின் நடுவில் பட்டதா, ஓரத்தில் பட்டதா என்பதை மரத்தண்டு நொடியில் உள்ளங்கைக்குச் சொல்லிவிடுகிறது. அந்த உணர்வுக்காகவே கோவைப் பக்கத்து நண்பர்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறேன்.

முதலில் மட்டைகள். ஐந்து போதும்: ஸ்பூன் (தூரம் அடிக்கும் மரத்தலை மட்டை), மிட் அயர்ன், மாஷி, நிப்ளிக், பட்டர் (பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை). மிட் அயர்ன் ஏறத்தாழ இன்றைய 2ஆம் எண் இரும்பு மட்டைக்கும், மாஷி 5ஆம் எண்ணுக்கும், நிப்ளிக் 9ஆம் எண்ணுக்கும் இணை. பழைய மட்டைகள் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது; எனவே பெயரை மட்டும் நம்பாமல், பந்தில் படும் முகத்தின் சாய்வைப் பார்த்து வாங்குங்கள். பழையது கிடைக்காவிட்டால், அதே முறையில் இன்று புதிதாகச் செய்யப்படுபவை இருக்கின்றன. தொடக்கத்துக்கு அவை நல்லவை.

வாங்கும்போது சோதனை. தண்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இலேசான வளைவு பரவாயில்லை. நீளவாக்கில் விரிசல் இருந்தால் வேண்டாம். ஒரு கையால் தலையையும் மறு கையால் தண்டையும் பற்றி மெல்லத் திருகுங்கள். அசைந்தால் பிணைப்பு தளர்ந்திருக்கிறது.

பராமரிப்பு. கொங்கு நாட்டில் அதிகக் கவனம் வேண்டியது இதில்தான். நம் வறண்ட கோடையில் மரம் ஈரமிழந்து சுருங்குகிறது. இரும்புத் தலைக்குள் தண்டு தளர்கிறது. சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் மட்டைகளை விடவே கூடாது. தளர்ந்த தலையைத் தண்ணீரில் ஊறவைத்தால் மரம் உப்பி இறுகும், ஆனால் காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும். கழற்றி ஒட்டுவதே சரி. தண்டில் ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சாகத் தடவி, சிறிது நேரத்தில் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவையுங்கள். பழைய இரும்புத் தலைகள் துருப்பிடிக்கும். ஆட்டம் முடிந்ததும் ஈரம் துடைத்தால் போதும்.

பந்து. மென்மையான பந்து எடுங்கள். கடினமானது தண்டுக்கும் கைக்கும் அதிர்ச்சி தரும்.

வீச்சு. ஹிக்கரி எஃகைவிட அதிகமாக முறுக்கிக்கொள்ளும். அவசரமாக இழுத்தால் தலை பின்தங்கி, முகம் இலக்கை நேராகப் பார்க்காமல் வெளிப்பக்கம் திறந்தபடியே பந்தில் படும். ஆடிப்பெருக்கன்று தூரி ஆடும்போது மேலே போன பலகை ஒரு கணம் தயங்கித் திரும்புமே, அந்தத் தயக்கம் உங்கள் வீச்சின் உச்சியிலும் இருக்கட்டும். முழு வீச்சு வேண்டாம், முக்கால் போதும். நிப்ளிக்கை எடுத்து இருபது, முப்பது கஜம் அடிப்பதில் தொடங்குங்கள். புல்தரையிலேயே பழகுங்கள், சிமென்ட் மேல் விரித்த பயிற்சிப் பாயில் ஓங்கி அடித்தால் தண்டு தாங்காது. மைதானத்தில் கல்லோ வேரோ அருகில் இருந்தால், பந்தை நகர்த்திவைத்து அடியுங்கள். நண்பர்களுடன் ஆடும் ஆட்டத்தில் யாரும் மறுக்கமாட்டார்கள்.

மைதானத்தில். முன்னால் இருக்கும் டீயிலிருந்து (முதல் அடியை அடிக்கும் இடம்) தொடங்குங்கள், தூரம் குறைவாகத்தான் போகும். செட்டிபாளையத்தில் உள்ள கோவை கோல்ஃப் கிளப் போன்ற இடத்தில் ஆடினால், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். எதிர்க்காற்றில் உயரமாக அடிப்பது வீண். மாஷியால் தாழ்வாகத் தட்டிவிட்டு, பந்தைத் தரையில் ஓடவிடுங்கள். கோடையில் தரை காய்ந்து கெட்டியாக இருக்கும்போது அந்த ஓட்டம் இன்னும் நீளும். எனவே பந்து விழ வேண்டிய இடத்தைக் குழியைக் காட்டும் கொடிக்கு வெகு முன்னதாகவே குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு முன்னால் என்பது மைதானத்துக்கு மைதானம் மாறும். ஆட்டத்துக்கு முன் பட்டிங் பகுதியின் ஓரத்தில் நாலைந்து பந்துகளை மாஷியால் ஓடவிட்டால் அன்றைய கணக்கு பிடிபடும்.