பிரிட்டன் போகிற கோவைக்காரர்களே, லண்டனோடு நிறுத்திவிடாதீர்கள்

மகனோ மகளோ அங்கே வேலையில் இருக்கிறார்கள், பேத்தி பிறந்திருக்கிறாள், ஆறு மாத விசாவில் அப்பாவும் அம்மாவும் கிளம்புகிறார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இப்போது தெருவுக்கு ஒரு வீட்டில் இது நடக்கிறது. போனவர்கள் லண்டனில் பாலத்தையும் அரண்மனை வாசலையும் பார்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டு, மிச்ச நாளெல்லாம் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள். எனக்கு இது மனசு கேட்பதில்லை. ஏனுங்க, பஞ்சும் நூலும் தறியுமாக வாழ்கிற நம்ம ஊர்க்காரர்கள் அந்த நாட்டில் முதலில் பார்க்க வேண்டியது லண்டன் இல்லை, வடக்கே இருக்கிற பழைய பஞ்சாலைகள்.

திட்டம் போடும்போது ஊர் ஊராகத் தாவாதீர்கள். பிள்ளை இருக்கும் ஊரிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்வரக்கூடிய இடங்களை எழுதிவைத்து, அவற்றை முடித்துவிட்டு அடுத்த பக்கம் போங்கள். தூரமான பகுதி என்றால் அங்கேயே மூன்று நான்கு நாள் தங்கிவிடுவது நல்லது. ஸ்காட்லாந்தை ஒரே நாளில் காட்டுகிறோம் என்கிற பஸ் டூரில் பாதி நேரம் ரோட்டிலேயே போய்விடும்.

மான்செஸ்டர் பக்கம் பிள்ளை இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஸ்டயல் என்ற கிராமத்தில் குவாரி பேங்க் மில் இருக்கிறது. 1784-ல் சாமுவேல் கிரெக் ஆரம்பித்த பஞ்சாலை. ஆற்றுத் தண்ணீரில் சக்கரம் சுற்றி, அந்தச் சுழற்சியில் மில்லே ஓடியது. உள்ளே பழைய மெஷின்களை ஓட்டிக் காட்டுகிறார்கள். பஞ்சைச் சீவும் கார்டிங்கும் நூல் நூற்கும் ஸ்பின்னிங்கும் தெரிந்த ஒருவர் அங்கே போனால் வழிகாட்டி பேசுவதற்கு முன்பே எது எதற்கு என்று சொல்லிவிடுவார். மில்லை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள், சற்றுத் தள்ளி இருக்கும் அப்ரெண்டிஸ் வீட்டுக்கும் கட்டாயம் போங்கள். ஏழைகள் விடுதிகளிலிருந்து கொண்டுவந்த சுமார் 90 பிள்ளைகள் அங்கே தங்கி மில்லில் வேலை செய்தார்கள். அந்தக் கட்டில்களையும் சமையலறையையும் பார்த்தால் நெஞ்சு கனத்துவிடும். கிரெக் குடும்பத்துக்கு டொமினிக்கா தீவில் அடிமைகளை வைத்து நடத்திய தோட்டம் இருந்ததையும் அங்கே மறைக்காமல் சொல்கிறார்கள்.

சோமனூர், பல்லடம் விசைத்தறிக்காரர்கள் யாராவது போனால் பர்ன்லியில் இருக்கும் குவீன் ஸ்ட்ரீட் மில்லை விடவே கூடாது. நீராவி எஞ்சினில் தறி ஓடுவதை இன்றும் நேரில் பார்க்கலாம். ஒரே எஞ்சின் சுற்ற, மேலே ஓடும் தண்டிலிருந்து தறிக்குத் தறி பெல்ட் இறங்கி வருகிறது. ஊடு நூலைக் கொண்டு ஓடும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்வதையும், அதற்குள் இருக்கும் நூல் தார் தீர்ந்தால் ஆள் வந்து மாற்றுவதையும் பார்க்கும்போது வேற்று நாட்டில் இருக்கிற நினைப்பே வராது. அந்தச் சத்தத்தில் பேச்சுக் கேட்காது என்பதால் அங்கே வேலை செய்த பெண்கள் உதட்டசைவிலேயே பேசிக்கொண்டார்கள். வருடம் முழுக்கத் திறந்திருக்காது, எஞ்சின் ஓடும் நாளும் தனி, ஆகவே தேதியை இணையதளத்தில் பார்த்துவிட்டு அதற்கேற்ப மற்றதைத் திட்டமிடுங்கள். இந்த வட்டாரத் துணி கப்பல் கப்பலாக வந்து இறங்கித்தான் நம் கைத்தறி நசிந்தது, அதே மெஷின்கள் பிறகு கோவைக்கு வந்துதான் நம் மில்கள் எழுந்தன. இரண்டையும் நினைத்துக்கொண்டு பாருங்கள்.

இன்னும் ஒரு நாள் இருந்தால் டெர்பியிலிருந்து ரயிலில் குரோம்ஃபோர்டு. ஆர்க்ரைட் 1771-ல் தண்ணீர் விசையில் நூற்பு மில் வைத்த இடம், இப்போது உலக பாரம்பரியச் சின்னம். பிராட்ஃபோர்டு பக்கம் சால்ட்டேர், கம்பளி மில்லோடு தொழிலாளர்களுக்குக் கட்டிய முழு ஊரும் அப்படியே நிற்கிறது.

லண்டனே வேண்டாம் என்று சொல்லவில்லை. விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் திப்புவின் புலி இருக்கிறது. ஒரு வெள்ளைக்காரனைக் கவ்விக்கொண்டிருக்கும், கிட்டத்தட்ட நிஜப் புலி அளவுள்ள மரப்பொம்மை, வயிற்றுக்குள் இசைக் குழாய்கள். 1799 வரை கொங்கு நாடு மைசூர் ஆட்சியில் இருந்தது, தீரன் சின்னமலை திப்புவோடு நின்று போரிட்டவர், அதனால் அந்தப் புலி நமக்கு வெறும் காட்சிப்பொருள் இல்லை. திப்புவின் கூடாரத்தைப் பார்க்க வேல்ஸ் போக வேண்டும், அது வெல்ஷ்பூல் அருகே போவிஸ் கோட்டையில் இருக்கிறது. 1798 முதல் 1803 வரை சென்னை கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவ் குடும்பத்தின் கோட்டை அது.

லண்டனின் பெரிய தேசிய மியூசியங்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, சிறப்புக் கண்காட்சிக்கு மட்டும்தான் காசு. மான்செஸ்டர், எடின்பரோ, கார்டிஃப் ஊர்களிலும் இலவச மியூசியங்கள் நிறைய. கோட்டைகளுக்கும் பெரிய மாளிகைகளுக்கும்தான் டிக்கெட் கடிக்கும். அவற்றைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட், இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்புகளுக்குத் தனித்தனிச் சந்தா இருக்கிறது, வேல்ஸ் கோட்டைகள் பலவற்றுக்கு கடூ (Cadw) என்று இன்னொன்று. எல்லாவற்றையும் வாங்கிவிடாதீர்கள். உங்கள் பட்டியலில் எந்த அமைப்பின் இடங்கள் அதிகம் என்று எண்ணிப் பார்த்து ஒன்றை மட்டும் எடுங்கள். குவாரி பேங்க், போவிஸ் இரண்டும் நேஷனல் டிரஸ்ட், அந்தச் சந்தா இருந்தால் அவர்களுடைய பெரும்பாலான பார்க்கிங்கும் இலவசம்.

ரோமானியர் சமாச்சாரத்தில் ஆர்வம் இருந்தால் இங்கிலாந்தின் வட எல்லைப் பக்கம் ஹேட்ரியன் சுவர். கி.பி. 122-ல் தொடங்கிய 117 கிலோமீட்டர் சுவர். வெள்ளலூரிலும் பொள்ளாச்சியிலும் கிடைத்த வெள்ளிக் காசுகளை அடித்த அதே ரோமாபுரியின் வட எல்லைக்காவல் இது. பக்கத்தில் விண்டோலாண்டாவில், மெல்லிய மரத்துண்டில் மையால் எழுதிய கடிதங்கள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருக்கின்றன, அதில் ஒன்று கி.பி. 100 வாக்கில் ஒரு பெண் தன் தோழியைப் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டு எழுதியது. நம் ஈரோடு பக்கத்துக் கொடுமணலில் அந்தக் காலத்திலேயே பானை ஓட்டில் பெயர் கீறி வைத்தவர்களை நினைக்காமல் அங்கே நிற்க முடியாது.

மலைக்குப் போகும்போது மட்டும் நம்மூர்க் கணக்கைப் போடாதீர்கள். பிரிட்டனிலேயே உயரமான பென் நெவிஸ் 1,345 மீட்டர்தான், தொட்டபெட்டா 2,637. வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறியவர்களுக்கு இது சாதாரணமாகத் தோன்றும். ஆனால் வெயிலில் கிளம்பி அரை மணியில் மேகம் இறங்கி, காற்றும் மழையும் சேர்ந்து அடித்து, பாதையே தெரியாமல் போகும். காற்றில் குடை நிற்காது, மழைக்கோட்டும் பிடிமானமுள்ள ஷூவும் வேண்டும். மலையில் மாட்டிக்கொண்டால் 999 அடித்துப் போலீஸைக் கேட்டு, மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள். முட்டிவலிக்காரர்களுக்கு வேல்ஸின் ஸ்னோடன் மலை ரயில் இருக்கிறது. 1896-ல் வந்தது, நம் மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை 1899. இரண்டுக்கும் ஒரே ஆப்ட் பல்சக்கர முறை, இரண்டுக்கும் நீராவி எஞ்சின் செய்து கொடுத்தவர்களில் ஒரே சுவிஸ் கம்பெனியும் உண்டு. ஸ்னோடன் ரயில் குளிர்காலத்தில் ஓடாது.

இன்னொன்று, நமக்கு ஆச்சரியமாக இருக்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொது நடைபாதை என்று பலகை இருந்தால் அந்தப் பாதை வழியாக அடுத்தவர் விவசாய நிலத்துக்குள்ளேயே சட்டப்படி நடந்து போகலாம். படல் மூடியிருந்ததா, மூடிவிட்டு வாருங்கள். கன்றோடு மாடு நின்றால் சுற்றிப் போங்கள்.

மாளிகைகளுக்குள் சாப்பிட விடமாட்டார்கள், வெளியே புல்வெளியில் கட்டுச்சோற்றைப் பிரிக்கலாம். தயிர்சாதத்தை விட அரிசிம்பருப்பு சோறுதான் குளிருக்கு ஒத்துவருகிறது. மூடும் நேரத்தைப் பார்த்தால் போதாது, கடைசியாக உள்ளே விடும் நேரம் அதற்கு அரை மணி, ஒரு மணி முன்பே முடிந்துவிடும். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், பல மாளிகைகள் பூட்டியிருக்கும், அதனால் மே முதல் செப்டம்பர் வரை போவதுதான் லாபம். ரயிலுக்கு, கணவன் மனைவியாகப் போனால் டூ டுகெதர் ரயில்கார்டு, அறுபது தாண்டியவர்களுக்கு சீனியர் ரயில்கார்டு, இரண்டிலும் பெரும்பாலான டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். முன்பதிவில் மலிவாகக் கிடைக்கும் டிக்கெட் குறிப்பிட்ட அந்த ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். ஞாயிற்றுக்கிழமை தண்டவாள வேலை என்று பாதி வழியில் பஸ்ஸில் ஏற்றிவிடுவது சகஜம், தூரப் பயணத்தை வேறு நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.